நல்ல சாப்பாடு சாப்பிட்டும் எந்நேரமும் பசிக்கிறதே, ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொரித்ததையும் இனிப்பையும் விட்டுவிட்டு, காய்கறி, பழம், முழுதானியம் என்று மாறியவர்களில் பலர் ஒன்றிரண்டு வாரத்திலேயே தவிக்க ஆரம்பிக்கிறார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்காது, அதற்குள் வயிறு கிள்ளும். தனக்கு மனக்கட்டுப்பாடு போதவில்லை என்று தங்களையே நொந்துகொள்வார்கள். அப்படி நொந்துகொள்ள வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கேள்வி பதில்கள். பசி என்பது உடம்பு அனுப்பும் தகவல். பெரும்பாலும் சரியான தகவல்.

ஆரோக்கியமான உணவுதான் சாப்பிடுகிறேன். அப்படியும் ஏன் பசி அடங்கவில்லை?

நிறையப் பேருக்குக் காரணம் இதுதான்: சாப்பாடு நல்லதாக இருக்கிறது, ஆனால் போதவில்லை. கீரை, வெள்ளரி, தக்காளி, முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் தண்ணீர்தான் அதிகம். எண்ணெய் எதுவும் சேர்க்காத 200 கிராம் பச்சைக் காய்கறி சாலட்டில் ஏறக்குறைய 40 கலோரிதான் இருக்கும். தட்டு நிறைந்திருக்கும், வயிறும் அப்போதைக்கு நிறைந்துவிடும்.

ஆனால் வயிறு நிறைவதும் பசி அடங்குவதும் வேறு வேறு. இரைப்பை விரியும்போது அதன் சுவரில் உள்ள நரம்புகள் மூளைக்குச் சேதி அனுப்புகின்றன. அந்தச் சேதி உடனே மூளைக்குப் போய்ச் சேரும். இரைப்பை காலியாகத் தொடங்கியதும் மங்கியும்விடும். அடுத்த சில மணி நேரத்துக்குப் பசியைத் தள்ளிவைப்பதில் குடலுக்குப் பெரிய பங்கு உண்டு. சத்துகள், குறிப்பாகப் புரதமும் கொழுப்பும், சிறுகுடலுக்கு வந்து சேர்ந்தால்தான் கோலிசிஸ்டோகைனின், ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ஹார்மோன்கள் நன்றாகச் சுரக்கும். வந்து சேருவது வெறும் தண்ணீரும் கொஞ்சம் நாரும் என்றால், இரைப்பையில் சுரக்கும் கிரெலின் சீக்கிரமே மறுபடி ஏறத் தொடங்கும். 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த பசி ஹார்மோன் இது. சாப்பாட்டுக்கு முன்னால் உயரும், சாப்பிட்டதும் இறங்கும்.

ஒரு வேளைச் சாப்பாட்டை வைத்து விளக்க முடியுமா?

'டயட்' தொடங்கியவர்களிடம் அடிக்கடி பார்க்கும் காலை உணவையே எடுத்துக்கொள்வோம். தண்ணீரில் கொதிக்கவைத்த 40 கிராம் ஓட்ஸ், ஒரு ஆப்பிள், சர்க்கரை போடாத காபி. ஓட்ஸில் 150 கலோரி, ஆப்பிளில் 90 சொச்சம். எல்லாம் சேர்த்தும் 250-ஐத் தொடாது. புரதம் ஐந்தாறு கிராம். கொழுப்பு இல்லை என்றே சொல்லலாம். ஏழரை மணிக்கு இதைச் சாப்பிட்டவருக்குப் பத்தரைக்குப் பசிக்காவிட்டால்தான் ஆச்சரியம்.

அதே கிண்ணத்தில் தண்ணீருக்குப் பதில் 250 மில்லி பால் ஊற்றினால் 8 கிராம் புரதம் கூடுகிறது. மேலே 30 கிராம் பாதாமோ நிலக்கடலையோ தூவினால் இன்னும் ஆறேழு கிராம் புரதம், 170 கலோரிக்குப் பக்கம். கூடவே ஒரு அவித்த முட்டை: 6 கிராம் புரதம், 70 சொச்சம் கலோரி. இப்போது மொத்தம் 600 கலோரியைக் கொஞ்சம் தாண்டும்; புரதம் 25 கிராம் வந்துவிட்டது. முட்டை சாப்பிடாதவர்கள் கெட்டித் தயிரோ டோஃபுவோ சேர்த்துக்கொள்ளலாம்.

காலையிலேயே 600 கலோரியா என்று பதறுபவர்கள் உண்டு. நாளுக்கு 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அது மூன்றில் ஒரு பங்கைவிடக் குறைவு. முதல் கிண்ணத்தைச் சாப்பிட்டவர் பத்தரைக்கு நான்கு பிஸ்கட், பன்னிரண்டுக்கு ஒரு வாழைப்பழம், மதியம் வேகவேகமாக இரண்டு மடங்கு சாப்பாடு என்று போய், மாலையில் குற்ற உணர்ச்சியோடு இரவுச் சாப்பாட்டைக் குறைக்கிறார். மறுநாள் காலையில் பசி இன்னும் கூடுதலாக இருக்கும்.

நான் தேவைக்குக் குறைவாகச் சாப்பிடுகிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பசியோடு கூடவே வரும் அடையாளங்களைப் பாருங்கள். மற்றவர்களுக்குக் குளிராதபோது உங்களுக்குக் குளிர்கிறதா? சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வருகிறதா? மலச்சிக்கல், முடி கொட்டுதல், நடு இரவில் பசியால் விழிப்பு, மாதவிடாய் தள்ளிப்போவது அல்லது நின்றுபோவது உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுவதும் அடுத்த வேளைச் சாப்பாட்டைப் பற்றியே யோசிக்கிறீர்களா?

கடைசிக் கேள்வியை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தினார். எல்லோரும் உடல்நலமும் மனநலமும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட தன்னார்வலர்கள். ஆறு மாத காலம் அவர்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரிதான் கிடைத்தது. அதோடு நிறைய நடக்கவும் வேண்டியிருந்தது. எடையில் கால் பங்கு போயிற்று. அதைவிடக் கவனிக்க வேண்டியது அவர்கள் மனம் போன போக்கு. சாப்பாட்டைக் கனவு கண்டார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். கிடைத்த கொஞ்ச உணவைத் துண்டு துண்டாக்கி நீண்ட நேரம் சாப்பிட்டார்கள். வேறு எதிலும் அக்கறை இல்லாமல் போனது.

இன்று கைபேசிச் செயலிகள் பலருக்கு 1,200 கலோரி என்று இலக்கு வைக்கின்றன. உயரம் குறைந்த, அதிகம் நடமாடாத, வயதான ஒரு பெண்ணுக்கு அது கொஞ்சம் பொருந்தலாம். ஓடியாடி வேலை செய்யும் இளைஞருக்கு அது பட்டினிதான். அவர் உணவைப் பற்றியே நினைப்பதைப் பலவீனம் என்று சொல்வது நியாயமே இல்லை.

புரதம் எவ்வளவு வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி பெரியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஏறக்குறைய 50 கிராம். இது குறைபாடு வராமல் காக்கும் அளவு. பசி அடங்க வேண்டும், தசை கரையாமல் எடை குறைய வேண்டும் என்றால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, ஒவ்வொரு வேளையும் 20 முதல் 30 கிராம் வரை வருகிற மாதிரி பிரித்துச் சாப்பிடுவது உதவும். பெரும்பாலானவர்கள் இரவில் மொத்தமாகச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் ஏமாந்துபோகிறார்கள்.

ஒரு கோப்பை வெந்த கொண்டைக்கடலையில் 14 கிராமுக்கு மேல் புரதமும் 12 கிராம் நாரும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே இடத்தில் இவ்வளவு தரும் உணவுகள் அதிகம் இல்லை. சைவர்கள் இதை நம்பலாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

எண்ணெயை அறவே நிறுத்திவிட்டேன். அது சரிதானே?

சரியில்லை. கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, சாப்பாட்டுக்கு ருசி தருகிறது, காய்கறியிலுள்ள ஏ, இ, கே வைட்டமின்கள் உடம்பில் சேர உதவுகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி என்பதால் அளவு பார்த்து ஊற்றுங்கள். ஆனால் ஊற்றுங்கள்.

எந்த உணவு நெடுநேரம் பசி தாங்கும்?

1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஹோல்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 38 உணவுகளைச் சோதித்தார்கள். ஒவ்வொன்றையும் 240 கலோரி அளவுக்குக் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டார்கள். முதலிடம் எதற்குத் தெரியுமா? வெறுமனே அவித்த உருளைக்கிழங்குக்கு: 323. மீன் 225, ஓட்ஸ் கஞ்சி 209, ஆரஞ்சு 202, ஆப்பிள் 197, முட்டை 150. வெண்ணெய் அடுக்கிச் சுடும் குரோசான் கடைசியில், 47.

'டயட்' என்றதும் முதலில் விலக்கப்படுவது உருளைக்கிழங்குதான் என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அவித்ததற்கும் சிப்ஸுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அவித்ததில் 240 கலோரி வேண்டுமானால் கால் கிலோவுக்கு மேல் சாப்பிட வேண்டும்; சிப்ஸில் அது இரண்டு கைப்பிடிக்குள் முடிந்துவிடும். ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஒவ்வொரு உணவுக்கும் பதினொன்று முதல் பதின்மூன்று பேர்தான் என்பதால் மதிப்பெண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். போக்கு தெளிவாகத்தான் இருக்கிறது: தண்ணீர், நார், புரதம் அதிகமாக இருந்து, மென்று சாப்பிட வேண்டியிருந்தால் பசி தாங்கும்.

பழச்சாறும் ஸ்மூத்தியும் குடிக்கிறேன். அவை பசி தாங்குமா?

பழம் அளவுக்குத் தாங்காது. 1977-இல் வெளியான ஓர் ஆய்வில் ஆப்பிளை முழுதாகவும் கூழாகவும் சாறாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். முழுப் பழத்தைத் தின்ன ஆன நேரத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான் சாறு குடிக்கத் தேவைப்பட்டது. வயிறு நிறைந்த உணர்வு சாற்றில் மிகக் குறைவு. இன்சுலின் கூடுதலாக ஏறியது, பிறகு ரத்தச் சர்க்கரை சட்டென இறங்கியது. ஸ்மூத்தியில் நார் இருக்கும் என்பதால் சாற்றைவிடப் பரவாயில்லை. தயிரோ கடலை வெண்ணெயோ சேர்த்து, கரண்டியால் எடுத்துச் சாப்பிடும் கெட்டியில் செய்தால் இன்னும் நல்லது.

சாப்பிட்ட இரண்டு, மூன்று மணி நேரத்தில் சட்டென்று பசிப்பது ஏன்?

சிலருக்கு மாவுச்சத்து மிகுந்த உணவுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை ஏறிவிட்டு, சாப்பிடும் முன் இருந்த அளவுக்கும் கீழே இறங்குகிறது. 2021-இல் வெளியான, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், இப்படி அதிகமாக இறங்கியவர்கள் மற்றவர்களைவிட நாளுக்குச் சுமார் 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒரே உணவைச் சாப்பிட்டும் ஆளுக்கு ஆள் இது மாறியது. ஆகவே நண்பருக்கு மதியம் வரை தாங்கும் காலை உணவு உங்களுக்கும் தாங்க வேண்டும் என்பதில்லை. மாவுச்சத்தை மட்டும் தனியாகச் சாப்பிடாமல் புரதமும் காயும் சேர்த்து ஒரு வாரம் பார்த்தாலே வித்தியாசம் புரியும்.

'ஆரோக்கியம்' என்று அச்சிட்ட பாக்கெட் உணவுகள்தான் பெரும்பாலும் சாப்பிடுகிறேன்.

புரத பார், கிரானோலா, கொழுப்பு நீக்கிய தயிர், தானிய பிஸ்கட் போன்றவற்றைச் சொல்கிறீர்கள் என்றால், உங்கள் பசிக்கு அங்கே ஒரு காரணம் இருக்கலாம். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் பெரிதும் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம்; வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், இன்னும் வேகமாகவும் சாப்பிட்டார்கள். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகக் கூடியது. மெல்லும் வேலையே இல்லாத உணவு, போதும் என்ற சேதி மூளைக்குப் போய்ச் சேரும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

பசித்தால் தண்ணீர் குடி என்கிறார்களே?

தாகம் எடுத்தால் குடியுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு அரை லிட்டர் தண்ணீர் குடிப்பது நடு வயதினரும் மூத்தவர்களும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட உதவுகிறது. ஆனால் பசிக்கிற வயிற்றைத் தண்ணீராலோ காபியாலோ திரும்பத் திரும்ப ஏமாற்றுவது வேண்டாம். சாயங்காலம் அந்தப் பசி வட்டியோடு வரும்.

தூக்கத்துக்கும் பசிக்கும் தொடர்பு உண்டா?

நிச்சயமாக. 2004-இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஆரோக்கியமான இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டார்கள். பத்து மணி நேரம் படுக்கையில் இருந்த இரவுகளோடு ஒப்பிட்டால், போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்திருந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியிருந்தது, பசி 24 சதவீதம் அதிகம். இனிப்பும் மாவும் உப்பு நொறுக்குகளும்தான் அவர்களுக்கு வேண்டியிருந்தன.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரவுப்பணி பார்ப்பவர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பசியை உணவுப் பட்டியலால் மட்டும் சரிசெய்ய முடியாது. இன்னும் ஒரு மணி நேரம் தூங்க வழி இருந்தால் அதைத்தான் முதலில் தேடுங்கள். வழி இல்லாத காலத்தில் எடை குறைக்கும் முயற்சியைத் தள்ளிவையுங்கள்.

எடை குறைந்த பிறகுதான் பசி அதிகமாகிவிட்டது. இது சாதாரணமா?

சாதாரணம்தான். இதை யாரும் முன்கூட்டியே சொல்லிவைப்பதில்லை என்பதுதான் கொடுமை. உடற்கொழுப்பு குறைந்தால் அதிலிருந்து வரும் லெப்டினும் குறைகிறது. மூளை அதைப் பஞ்சகாலம் என்று எடுத்துக்கொள்கிறது. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், பத்து வாரக் கடும் உணவுக்கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களுக்கு ஓராண்டு கழித்தும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. இன்னொரு கணக்கீட்டின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. ஐந்து கிலோ குறைத்தவர் தினமும் 500 கலோரிக்கான கூடுதல் பசியோடு போராடுகிறார் என்று பொருள்.

இதற்கு வழி, வேகத்தைக் குறைப்பது. வாரத்துக்கு அரைக் கிலோ அல்லது அதற்கும் குறைவு போதும். நடுவில் சில வாரங்கள் எடையை அப்படியே வைத்திருக்கும் அளவுக்குச் சாப்பிடுங்கள். அந்த வாரங்களைத் தோல்வி என்று எண்ண வேண்டாம்.

இது உண்மையான பசியா, நாக்கின் ஆசையா?

பசி மெல்ல மெல்ல ஏறும், எது கிடைத்தாலும் சாப்பிடலாம் என்றிருக்கும். ஆசை திடீரென்று வரும், குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். பொதுவாக இப்படிச் சொல்வார்கள். எனக்கு இந்தப் பிரிவில் முழு நம்பிக்கை இல்லை. நாள் முழுக்கக் குறைவாகச் சாப்பிட்டவருக்கு இரவில் சாக்லேட் மேல் வரும் ஆசை, பசியின் இன்னொரு முகம்தான். முதலில் இரண்டு வாரம் மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். அதன் பிறகும் சலிப்பிலோ கவலையிலோ கை உணவைத் தேடினால், அதைத் தனியாகக் கவனிக்கலாம். கட்டுக்கடங்காமல் சாப்பிட்டுவிட்டு ஒளித்துவைப்பது, வாந்தி எடுப்பது, மறுநாள் பட்டினி கிடப்பது என்று போனால் அது உணவுக்கோளாறு நோயாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. வெட்கப்படாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

உடற்பயிற்சி தொடங்கியதிலிருந்து பசி தாங்கவில்லை.

செலவு கூடினால் வரவும் கூட வேண்டும். பயிற்சி முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் புரதமும் மாவுச்சத்தும் உள்ள ஏதாவது சாப்பிட்டுப் பாருங்கள். கடிகாரமோ கருவியோ காட்டும் 'எரித்த கலோரி' எண்களை நம்பிச் சாப்பாட்டை அளக்காதீர்கள். அவை வெகுவாகப் பிசகும்.

மாதவிடாய்க்கு முன், கர்ப்பத்தில், பாலூட்டும்போது?

மூன்றிலும் பசி கூடுவது இயல்பு. தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் தாய்க்கு நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. அந்த மாதங்களில் பசித்தால் சாப்பிடுங்கள். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கும் இதே பதில்தான். அவர்கள் தட்டைப் பார்த்துக் கேலி செய்யாதீர்கள்.

வயிற்றில் பூச்சி இருந்தால் அதிகம் பசிக்குமா?

அப்படி ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. பெரும்பாலும் குடற்புழுக்கள் பசியைக் குறைக்கவே செய்கின்றன. வயிற்றுவலி, சோர்வு, ரத்தசோகை வரலாம். சந்தேகம் இருந்தால் மலப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

மாத்திரைகளால் பசி கூடுமா?

கூடும். பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள், மிர்டசபின் என்ற மனச்சோர்வு மருந்து, ஒலான்சபின் போன்ற மனநல மருந்துகள், சிப்ரோஹெப்டடின் என்ற ஒவ்வாமை மருந்து ஆகியவை பசியைத் தூண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், குறிப்பாக ஸ்டீராய்டை. எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்ற முடிகிறதா என்று பார்ப்பார்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனால் தாமதிக்க வேண்டாம். கூடவே அதிக தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் சர்க்கரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்பது நோயைக் காட்டும் அளவு. இவற்றோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, குழப்பம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். படபடப்பு, கை நடுக்கம், வெப்பம் தாங்காமை, வியர்வை என்றால் தைராய்டு அதிகமாகச் சுரக்கிறதா என்று டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவருக்குத் திடீர்ப் பசியோடு நடுக்கமும் வியர்வையும் வந்தால் அது சர்க்கரை தாழ்ந்துவிட்டதன் அறிகுறியாக இருக்கலாம். உடனே 15 முதல் 20 கிராம் சர்க்கரையையோ குளுக்கோஸையோ எடுத்துக்கொண்டு, கால் மணி நேரத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மூன்று நாள் சாப்பிட்டதை ஒன்றுவிடாமல் எழுதிய தாள், எடுக்கும் மருந்துகளின் பட்டியல், கடந்த சில மாதங்களின் எடை, சராசரியாகத் தூங்கும் நேரம் ஆகிய நான்கையும் கையோடு கொண்டுபோங்கள். எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்பதை அவர் அதிலிருந்தே பெரும்பாலும் முடிவு செய்துவிடுவார்.